கால்கரியில் கௌபாய் சாப்பாடும் கொண்டாட்டமும்: எங்கே, எப்போது, எப்படி?

கேள்வி இதுதான்: "ஜூலையில் குடும்பத்தோடு கனடாவின் கால்கரி நகரில் நான்கு நாள் தங்குகிறோம். கௌபாய் சாப்பாடு, ரோடியோ, ஆட்டம் பாட்டம் எல்லாம் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது? காசை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது?"

கௌபாய் என்றதும் டெக்சாஸ் பாலைவெயில்தான் நினைவுக்கு வரும். கால்கரி அதற்கு வெகு வடக்கே எங்கேயோ, கடல் மட்டத்திலிருந்து 1,045 மீட்டர் உயரத்தில், ராக்கி மலைகளின் காலடியில் இருக்கிறது. ஆனாலும் இங்குள்ள கௌபாய் வாழ்க்கை ஒட்டுப்போட்ட வேஷமில்லை. 1880களில் இந்தப் புல்வெளிகளில் பெரிய மாட்டுப் பண்ணைகள் வந்தன. 1906-07 குளிர்காலம் வேலியில்லாமல் மேய்ந்த மந்தைகளைக் கொன்று போட்டது. அந்த வாழ்க்கை மறைந்துவிடும் என்ற நிலையில்தான் கை வெயடிக் என்ற ரோடியோ (குதிரை, காளைகளோடு மோதும் கௌபாய் வீரவிளையாட்டு) கலைஞர், நான்கு உள்ளூர்ப் பணக்காரர்களிடம் பணம் வாங்கி 1912 செப்டம்பரில் ஸ்டாம்பீட் என்ற கௌபாய் விழாவை முதல்முறையாக நடத்தினார். 1923 முதல் அது ஆண்டு விழா. இப்போது ஜூலை முதல் அல்லது இரண்டாம் வெள்ளியில் தொடங்கிப் பத்து நாள் நடக்கிறது. 2024இல் 14 லட்சத்து 77 ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் வந்தார்கள்.

பத்து நாளும் ஊர் முழுக்க விளம்பரம் கண்ணைப் பறிக்கும். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று குழம்பினால் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சக்வாகன், அதாவது சமையல் வண்டி. 1866இல் டெக்சாஸ் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட் ஒரு பழைய ராணுவ வண்டியின் பின்புறம் இழுப்பறைகள் கொண்ட பெட்டியைப் பொருத்தினார். பெட்டியின் மூடியைக் கீழே இறக்கினால் அதுவே சமையல் மேடை. மாடு ஓட்டிப் போகிறவர்களுக்கு மாதக்கணக்கில் இதுதான் அடுக்களை. இரவில் படுக்கும் முன் வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைப்பார்களாம், விடிந்ததும் திசை தெரிய. கால்கரியின் சாப்பாடு, பந்தயம் இரண்டுக்கும் வேர் இந்த வண்டிதான்.

காலை: பான்கேக்குக்குக் காசு கொடுக்காதீர்கள்

1923இல் ஜாக் மார்ட்டன் என்ற வண்டி ஓட்டுநர் தன் சமையல் வண்டியை நகர நடுவில் நிறுத்திவிட்டு, போகிற வருகிறவர்களைக் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அதிலிருந்து வந்த வழக்கம் இன்றைக்கு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கோயில், தேவாலயம், வங்கி, வணிக வளாகம், அரசியல்வாதி, கார் விற்பனை நிலையம் என்று எல்லோரும் வாசலில் அடுப்பு போட்டு இலவசமாகப் பான்கேக் போடுகிறார்கள். வார நாள்களில் நகர நடுவிலும், முதல் சனிக்கிழமை வணிக வளாகங்களிலும் பெரிய கூட்டம் சேரும். எங்கே எப்போது என்ற பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் கடைசியில் உள்ளூர்ச் செய்தித் தளங்களில் வரும். அதைப் பார்த்துத் தங்குமிடத்துக்குப் பக்கத்தில் இரண்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் வழக்கமாக என்ன இருக்கும்? இரண்டு பான்கேக், மேப்பிள் சுவையுள்ள பாகு, சின்ன சாசேஜ் இரண்டு, சில இடங்களில் பேக் செய்த பீன்ஸ், ஆரஞ்சு சாறு, காபி. மாவில் முட்டை இருக்கும். அசைவம் சாப்பிடாதவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பான்கேக்கும் சாசேஜும் ஒரே தட்டுக்கல்லிலா? பல இடங்களில் ஆமாம். வரிசையில் நின்று வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. முன்னாடியே அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்துவிடுங்கள். பீன்ஸிலும் பன்றிக்கொழுப்பு இருப்பது சாதாரணம். அதனால் "இதில் இறைச்சி உண்டா" என்று மட்டும் கேட்காமல், "பேக்கன், லார்ட் எதுவும் சேர்த்திருக்கிறீர்களா" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நம்மவர்கள் தவறவிடக்கூடாத ஒன்று இஸ்மாயிலி முஸ்லிம் சமூகத்தார் நடத்தும் காலை விருந்து. அவர்களில் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர். அதனால் பான்கேக்கோடு பராசியும் மண்டாசியும் கிடைக்கும். பராசி என்றால் தேங்காய்ப் பாலில் வெந்த முழுத் துவரை. மண்டாசி ஏலக்காய் மணக்கும் பொரித்த பன். கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு தேங்காய்ப் பால் துவரை சாப்பிடுவது கால்கரியில் மட்டும்தான் நடக்கும்.

வரிசையைப் பற்றி ஒரு கணக்கு. அறிவிப்பில் ஒன்பது மணி என்று போட்டிருந்தால் எட்டே முக்காலுக்கு நில்லுங்கள். பத்து மணிக்குப் போனால் ஒரு மணி நேரம் காத்திருந்து கடைசியில் காய்ந்த பான்கேக் வாங்குவீர்கள். காலையில் 10 டிகிரி குளிர் இருக்கும், பதினொரு மணிக்குள் வெயில் ஏறிவிடும். உயரம் அதிகம் என்பதால் வெயில் சுடுவது தெரியாமலே தோல் கறுத்துவிடும்.

அணிவகுப்பு, மைதானம், ரயில்

முதல் வெள்ளி காலை ஒன்பது மணிக்கு நகர நடுவில் அணிவகுப்பு. பார்ப்பது இலவசம், சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். நடைபாதை ஓரத்தில் உட்கார இடம் வேண்டுமானால் ஏழு மணிக்குள் போய்ப் போர்வை விரிக்க வேண்டும். கிழக்கு மேற்காக ஓடும் சாலை என்பதால் தெற்குப் பக்கம் கட்டட நிழல் விழும். குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கம் பிடியுங்கள்.

விழா நடக்கும் மைதானத்துக்குக் காரில் போகாதீர்கள். சிட்ரெய்ன் எனப்படும் நகர ரயிலின் சிவப்புத் தடத்தில் இரண்டு நிலையங்கள் மைதானத்தை ஒட்டியே இருக்கின்றன: விக்டோரியா பார்க்/ஸ்டாம்பீட், எர்ல்டன்/ஸ்டாம்பீட். இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணி உண்டு. நகர நடுவில் 7ஆவது அவென்யூ நெடுகிலும் ரயில் இலவசம். ஆனால் அந்த இலவசம் சிட்டி ஹால் நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. அடுத்த நிலையமே விக்டோரியா பார்க். "ஒரே ஒரு ஸ்டாப்தானே" என்று டிக்கெட் எடுக்காமல் போனால் பரிசோதகர் அபராதம் எழுதிவிடுவார். விழா நாள்களில் அவர்கள் அங்கேதான் நிற்பார்கள். திரும்பும்போது விக்டோரியா பார்க்கில் நெரிசல் தாங்காது. தெற்கே கொஞ்சம் நடந்து எர்ல்டனில் ஏறினால் மூச்சு விடலாம்.

டிக்கெட்டில் கவனிக்க வேண்டியது: ரோடியோ டிக்கெட்டோ மாலைக் காட்சி டிக்கெட்டோ வாங்கினால் மைதான நுழைவு அதிலேயே அடங்கும். தனியாக நுழைவுச் சீட்டும் வாங்கிவிட்டு வருகிறவர்கள் ஏராளம், அது வீண் செலவு. காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் நுழைந்தால் இலவசம் என்று சில நாள்கள் உண்டு. முதல் ஞாயிறு குடும்ப நாளாக இருப்பது வழக்கம். நேரமும் நாளும் ஆண்டுக்காண்டு மாறும், பயணத்துக்கு முன் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ரோடியோவை எப்படிப் பார்ப்பது

பிற்பகல் ஒன்றரைக்கு ரோடியோ. விதி தெரியாமல் பார்த்தால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும், தெரிந்து பார்த்தால் நகர மனம் வராது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துள்ளும் குதிரை, காளை இவற்றின் மேல் 8 விநாடி தாக்குப் பிடிக்க வேண்டும். ஒரு கை பிடியில், இன்னொரு கை காற்றில். அந்த வெறுங்கை விலங்கின் மேலோ தன் மேலோ பட்டால் மதிப்பெண் கிடையாது. மொத்தம் 100 மதிப்பெண். அதில் பாதி ஆளுக்கு, பாதி விலங்குக்கு. இதைத்தான் புதியவர்கள் புரிந்துகொள்வதில்லை: சோம்பேறிக் குதிரை கிடைத்தால் எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும் தோல்விதான். அப்படி விலங்கு ஒத்துழைக்காவிட்டால் நடுவர்கள் மறுவாய்ப்பு தருவார்கள்.

குதிரைப் போட்டிகளில் கூட்டைத் திறந்ததும் முதல் துள்ளலில் வீரரின் இரண்டு குதிமுள்ளும் (பூட்ஸின் குதிகாலில் மாட்டிய முள்) குதிரையின் தோள்பட்டை எலும்புக்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் 8 விநாடி முடித்தாலும் பூஜ்யம். நன்றாகத்தானே உட்கார்ந்திருந்தார், ஏன் மதிப்பெண் இல்லை என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். காளைக்கு அந்த விதி இல்லை. காளையின் மேல் தாக்குப் பிடிப்பதே பெரிய காரியம்.

நேரப் போட்டிகள் தனி. பீப்பாய்ப் பந்தயத்தில் பெண்கள் மூன்று பீப்பாய்களை மூவிலை வடிவில் சுற்றி ஓடி வருவார்கள், ஒரு பீப்பாய் விழுந்தால் 5 விநாடி கூடும். கன்றைக் கயிறு வீசிப் பிடித்து மூன்று காலைக் கட்டும் போட்டியில், கட்டிய பிறகு 6 விநாடி கட்டு அவிழாமல் நிற்க வேண்டும். வீரர் கையை உயர்த்திவிட்டுக் குதிரையில் ஏறி உட்கார்ந்து கன்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது அதனால்தான். ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்த கண்ணுக்குக் கொம்பைப் பிடித்து எருதைச் சாய்க்கும் ஸ்டியர் ரெஸ்லிங் உடனே பிடிபடும். ஓடும் குதிரையிலிருந்து எருதின் மேல் பாய வேண்டும். எருதுக்கு உரிய முன்ஓட்டம் கொடுக்காமல் தடைக்கயிற்றை முந்திவிட்டால் 10 விநாடி தண்டனை, அதோடு கதை முடிந்தது.

மாலையில்தான் சமையல் வண்டிப் பந்தயம். இதுவும் 1923இல் வெயடிக் கொண்டுவந்ததுதான். ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு குதிரை. ஊதுகுழல் ஒலித்ததும் துணைக் குதிரைவீரர்கள் கூடாரக் கம்பையும் அடுப்பையும் வண்டிக்குள் வீசிவிட்டுத் தாவி ஏறுவார்கள். வண்டி இரண்டு பீப்பாய்களை எட்டுப் போல வளைந்து சுற்றிவிட்டுத்தான் ஓட்டப் பாதைக்குள் நுழைய வேண்டும். அதாவது முகாமைக் கலைத்துக்கொண்டு கிளம்பும் பழைய அவசரம்தான் பந்தயமாக மாறியிருக்கிறது. பீப்பாயைத் தட்டினால் 5 விநாடி கூடும், துணைவீரர் பின்தங்கினாலும் தண்டனை உண்டு. முதலில் வந்த வண்டி வெல்லாமல் போவது இதனால்தான். எனவே முடிவுக் கோட்டைப் பார்ப்பதைவிட முதல் பத்து விநாடியைப் பாருங்கள், ஆட்டம் அங்கேதான். வண்டிகளின் மேலுள்ள கித்தான் துணியில் நிறுவனப் பெயர்கள் இருக்கும். அந்த விளம்பர உரிமையை 1979 முதல் ஏலம் விடுகிறார்கள், ஓட்டுநர்களின் வருமானத்தில் பெரும்பங்கு அதில்தான் வருகிறது.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. விலங்கு நல அமைப்புகள் ஆண்டுதோறும் இதை எதிர்க்கின்றன. 2019 பந்தயங்களில் 6 குதிரைகள் இறந்தன. பிறகு ஒரு சுற்றுக்கு நான்கு வண்டி என்பதை மூன்றாகக் குறைத்தார்கள். கன்று கட்டும் போட்டியும் எல்லோராலும் பார்க்க முடியாது. மனம் ஒப்பாவிட்டால் இரண்டையும் விட்டுவிடலாம். மைதானத்தில் மந்தை நாய்கள், லாடம் அடிக்கும் போட்டி, பாரக் குதிரைகள் என்று நுழைவுச் சீட்டிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

அதைவிட முக்கியமாக எல்போ ரிவர் கேம்ப். இந்த மண்ணின் பூர்வகுடிகளான சிக்சிகா, கைனாய், பீகானி, சூட்டினா, ஸ்டோனி நகோடா மக்கள் 26 டீப்பிக் கூடாரங்கள் அமைத்துப் பத்து நாளும் தங்குகிறார்கள். 1912இல் எல்லோரையும் கீழே தள்ளிய சைக்ளோன் என்ற குதிரையை அடக்கிப் பட்டம் வென்ற டாம் த்ரீ பர்சன்ஸ் கைனாய் இனத்தவர். கௌபாய் என்றாலே வெள்ளைக்காரர் என்ற எண்ணம் இங்கே உடையும். கால்கரி இருக்கும் அல்பர்ட்டா மாகாணத்தின் மிகப் புகழ்பெற்ற கௌபாய்களில் ஒருவரான ஜான் வேர் கறுப்பினத்தவர், 1882இல் மந்தையோடு வடக்கே வந்தவர். முகாமில் சுடச்சுட பானக் ரொட்டி விற்பார்கள். வரிசை நீளமாக இருந்தாலும் நின்று வாங்குங்கள்.

சாப்பாடு: எது உள்ளூர், எது திருவிழாக் கூத்து

திருவிழாக் கடைகளில் ஒவ்வோர் ஆண்டும் விசித்திரப் பண்டங்களின் பட்டியல் வெளிவரும். படம் எடுக்க நன்றாக இருக்கும், வயிற்றுக்கு அல்ல. அங்கே உண்மையில் வாங்கத் தகுந்தது சுடச்சுட மினி டோனட். ஒரு பை வாங்கி நான்கு பேர் தின்னலாம்.

உள்ளூர் என்று சொல்லத் தக்கது மாட்டிறைச்சிதான். அல்பர்ட்டா மாடுகளுக்குக் கடைசி மாதங்களில் சோளத்துக்குப் பதில் பார்லி போடுகிறார்கள், அதனால் கொழுப்பு வெள்ளையாகவும் இறுக்கமாகவும் இருக்கும். கனடாவில் தரம் பிரைம், ஏஏஏ, ஏஏ, ஏ என்று போகும், தசைக்குள் கொழுப்பு இழை எவ்வளவு என்பதே அளவுகோல். ஸ்டேக் உணவகத்தில் ஏஏஏ போதும். நன்றாக வெந்தது வேண்டும் என்று கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் தடிமனான ஸ்டேக் அப்படி வெந்தால் செருப்புத் தோலாகிவிடும். முழுக்க வெந்த இறைச்சிதான் பிடிக்கும் என்றால் ஸ்டேக்கை விட்டுவிட்டு 'பீஃப் ஆன் எ பன்' கேளுங்கள். மாட்டின் பின்தொடையை மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வாட்டி, தாள் போலச் சீவி, சாறு ஊற்றிப் பன்னில் வைத்துத் தருவது. கூடவே வரும் வெள்ளைக் காரம் ஹார்ஸ்ராடிஷ், நம் மிளகாய் போல நாக்கில் அல்ல, கடுகு போல மூக்கில் ஏறும்.

மாட்டிறைச்சி வேண்டாதவர்களுக்கு: சாஸ்கட்டூன் பெர்ரி பை. ஜூலைதான் அந்தப் பழத்தின் காலம். பேர் மட்டும் பார்த்து 'ப்ரெய்ரி ஆய்ஸ்டர்' வாங்கிவிடாதீர்கள். அது சிப்பியல்ல, காளையின் விதை. பெரியவர்களுக்கான உள்ளூர்ப் பானம் சீசர். 1969இல் கால்கரி ஹோட்டல் ஒன்றில் வால்டர் செல் உருவாக்கியது. தக்காளிச் சாறு என்று நினைத்துக் குடிப்பார்கள், உள்ளே மட்டிச் சிப்பிச் சாறும் உண்டு. சிப்பி ஒவ்வாமை உள்ளவர்களும் சைவக்காரர்களும் தொடக்கூடாது.

வண்டிச் சமையலை நீங்களே செய்து பார்க்க

விழாவில் கிடைக்காத ஒன்று, உண்மையான முகாம் சாப்பாடு. எட்வர்தி, பௌனெஸ் போன்ற நகரப் பூங்காக்களில் ஆற்றோரமாக நெருப்புக் குழிகள் இருக்கின்றன. சிலவற்றை முன்பதிவு செய்ய வேண்டும். வறண்ட கோடையில் நெருப்புத் தடை போடுவார்கள், கிளம்பும் அன்று காலை நகராட்சித் தளத்தைப் பாருங்கள்.

கௌபாய் பீன்ஸ் எட்டுப் பேருக்கு: அரைக் கிலோ பின்டோ பீன்ஸ். முந்தின இரவு 2 லிட்டர் தண்ணீரில் 2 டீஸ்பூன் உப்புப் போட்டு ஊற வையுங்கள். உப்பு போட்டால் வேகாது என்பது தவறான நம்பிக்கை, தோல் மென்மையாக வேகத்தான் அது உதவும். வேகாமல் தடுப்பது வேறு இரண்டு. முதலாவது உயரம்: கால்கரியில் தண்ணீர் சுமார் 96.5 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு போட்டாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. சென்னையில் ஒரு மணி நேரத்தில் வெந்தது இங்கே ஒன்றரை, இரண்டு மணி கேட்கும். இரண்டாவது புளிப்பும் இனிப்பும். தக்காளி, வினிகர், வெல்லப்பாகு மூன்றையும் பீன்ஸ் நசுங்கும் பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னாடியே போட்டால் நாள் முழுக்க வேகவைத்தாலும் நடுவில் கல் போல நிற்கும். கடினநீர் ஊர் என்பதால் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்ப்பது நல்லது, அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை. வசதி வேண்டுமானால் வீட்டிலேயே குக்கரில் முக்கால் பதம் வேகவைத்து எடுத்துப் போய்விடுங்கள். எந்தக் கௌபாயும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பின்டோவுக்குப் பதில் ராஜ்மா வாங்கினால், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். அரைகுறையாக வெந்த ராஜ்மாவில் வாந்தி வரவைக்கும் நச்சு உண்டு. தணலோரத்தில் இளஞ்சூட்டில் வைத்தால் அது போகாது.

வெந்த பிறகு: வெங்காயம் 2, பூண்டு 6 பல் தனியே வதக்கி, சீரகத்தூள் 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், புகைமணம் உள்ள பாப்ரிகா 1 டீஸ்பூன் போட்டுக் கிளறிக் கொட்டுங்கள். தக்காளி விழுது 200 மில்லி, மொலாசஸ் 3 மேசைக்கரண்டி. மொலாசஸ் இல்லையென்றால் கரும்பு வெல்லம் அதே அளவு, மணம் கிட்டத்தட்ட அதே. கடைசியில் வினிகர் 1 மேசைக்கரண்டி. இறைச்சி வேண்டுவோர் 150 கிராம் பேக்கனை முதலில் வறுத்து அந்தக் கொழுப்பிலேயே வெங்காயத்தை வதக்குவார்கள். 40 நிமிடம் மூடியைப் பாதி திறந்து சுண்டவிடுங்கள். அடிப்பிடிப்பது வெல்லம் விழுந்த பிறகுதான், அந்த நேரத்தில் பாத்திரத்தை விட்டு நகராதீர்கள்.

பானக்: மைதா 3 கப், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, உப்பு 1 டீஸ்பூன், வெண்ணெய் கால் கப், தண்ணீர் ஒன்றேகால் கப். வெண்ணெயை மாவில் விரலால் உதிர்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்த கணமே நிறுத்துங்கள். புரோட்டா மாவு போலப் பிசைந்தால் ரொட்டி ரப்பராகிவிடும், பானக்கில் நடக்கும் தவறுகளில் பாதி இதுதான். டச் அவன் எனப்படும் மூடி போட்ட கனத்த இரும்புப் பாத்திரத்தில் சுடுவதானால் கரிக்கட்டிக் கணக்கு எளிது: பாத்திரத்தின் விட்டம் அங்குலத்தில் எவ்வளவோ அதைவிட 3 கூடுதலாக மூடி மேல், 3 குறைவாக அடியில். 10 அங்குலப் பாத்திரத்துக்கு மேலே 13, கீழே 7. சுமார் 25 நிமிடம். நம் கை இயல்பாகவே அடியில் நெருப்பை அள்ளிப் போடும், அதனால்தான் அடி கருகி மேலே மாவாக நிற்கிறது. பாதி நேரத்தில் பாத்திரத்தை ஒரு பக்கமும் மூடியை எதிர்ப்பக்கமும் கால்சுற்று திருப்புங்கள். காற்றடித்தால் ஒரு பக்கக் கரி வேகமாக எரிந்து தீரும்.

காபிக்கு வடிகட்டி வேண்டாம். தண்ணீர் கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் விட்டு, 240 மில்லிக்கு 2 மேசைக்கரண்டி கரகரப்பான தூள் போட்டு நான்கு நிமிடம் மூடி வையுங்கள். மேலே கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் தூள் அடியில் இறங்கும். தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு. சிக்கரி கலந்த நம் ஊர் நைஸ் தூள் இதற்கு ஆகாது, தெளியவே தெளியாது.

தொப்பி, பூட்ஸ், நடனம்

ஜீன்ஸும் கட்டம் போட்ட சட்டையும் போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். தொப்பி வாங்குவதானால் கோடைக்கு வைக்கோல் தொப்பி. கால்கரியின் அடையாளமான வெள்ளை ஃபெல்ட் தொப்பி ஸ்மித்பில்ட் கடையுடையது. 1950 முதல் நகர மேயர்கள் விருந்தினர்களுக்கு அதை அணிவித்து வரவேற்கிறார்கள், நகரக் கொடியிலேயே அது இருக்கிறது. தலையளவை நெற்றிக்கு நடுவே, காதுக்கு மேலே நாடாவால் எடுங்கள், 58 செ.மீ. என்றால் 7¼. கழற்றும்போது உச்சி மடிப்பைக் கிள்ளாதீர்கள், அங்கேதான் முதலில் கிழியும். மேசையில் வைக்கும்போது விளிம்பு மேலே இருக்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். ரோடியோ தொடக்கத்தில் தேசியகீதம் பாடும்போது கழற்றிவிடுங்கள். பூட்ஸ் புதிதாக வாங்கி அன்றே போட்டுக்கொண்டு மைதானம் சுற்றினால் இரவுக்குள் கொப்புளம். குதிகால் அரை அங்குலம் வழுக்குவது புதுப் பூட்ஸில் இயல்பு, பாதத்தின் மேல்முதுகு மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

மைதானத்துக்குள் இருக்கும் நாஷ்வில் நார்த் கூடாரத்தில் கன்ட்ரி இசை, நுழைவுச் சீட்டிலேயே அடக்கம். ஆனால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், அடையாளச் சான்றின் அசல் தேவை. கைப்பேசியில் கடவுச்சீட்டின் படம் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வார இறுதியில் மாலை ஆறு மணிக்குள் நுழையாவிட்டால் வெளியே நீண்ட வரிசை. டூ-ஸ்டெப் நடனம் கடினமில்லை: வேகம், வேகம், மெதுவாக, மெதுவாக. எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள். வெளி வட்டம் வேகமாக ஆடுபவர்களுக்கு. கற்றுக்கொள்பவர்கள் உள்பக்கம் இருந்துகொண்டால் யாரும் மோதமாட்டார்கள்.

ஜூலையில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகும், வாணவேடிக்கை பதினொரு மணிவாக்கில். குழந்தைகளின் தூக்கத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். பிற்பகலில் திடீரென ஆலங்கட்டி மழை கொட்டுவது இந்த ஊரின் வழக்கம். மைதானத்தில் இருந்தால் உள்ளரங்கக் கண்காட்சிக் கூடத்துக்குள் போய்விடுங்கள், அரை மணியில் வெறித்துவிடும்.

நான்கு நாளில் ஒரு நாளை ஊருக்கு வெளியே ஒதுக்கச் சொல்வேன். கௌபாய் டிரெயில் என்று பெயர் பெற்ற 22ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் லாங்வியூ ஊரைத் தாண்டி பார் யு பண்ணை வரும். 1882இல் தொடங்கிய பண்ணை, இப்போது தேசிய வரலாற்றுத் தலம், கோடையில் மட்டும் திறந்திருக்கும். ஜான் வேர் ஓட்டி வந்த மந்தை சேர்ந்த இடம் இதுதான். வழியில் லாங்வியூவில் உலர்த்திய மாட்டிறைச்சி வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் தேதிகள் இன்னும் முடிவாகவில்லை, விழா வாரத்து ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால், ஆகஸ்ட் முதல் திங்களை ஒட்டிய நீண்ட வார இறுதியைப் பாருங்கள். கால்கரிக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் ஸ்டிராத்மோர் ஊரின் ஸ்டாம்பீட் அப்போதுதான். ரோடியோவும் சமையல் வண்டிப் பந்தயமும் அங்கேயும் உண்டு. ஊர் சிறியது, இருக்கை கிட்டத்தில், குதிரையின் மூச்சுச் சத்தமே கேட்கும்.